புத்தி தடுமாறியோரின் ஹக்கு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் இனிய நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



யத்தீமுடைய ஹக்கைப் பற்றி நாம் கேட்டிருக்கிறோம். அண்டை வீட்டாருடைய ஹக்கு, தாய் தந்தையருடைய ஹக்கு, கடன் கொடுத்தவருடைய ஹக்கு ஆகியவை நம் மதரஸாப் பிள்ளைகளுக்குக்கூடப் பாடம். ஆனால் புத்தி தடுமாறிப்போன ஒரு மனிதருக்கு நம்மீது என்ன ஹக்கு என்று கேட்டால், "அவருக்குச் சோறு போட வேண்டும், வெளியே போய்விடாமல் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். சோறும் காவலும் மட்டும்தானா அவருடைய ஹக்கு? வாசற்சாவியைத் தம் கையில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் குடியிருக்கவும், தம் காரியத்தைத் தம் வாயாலேயே சொல்லவும் அவருக்கு ஹக்கு இல்லையா? இந்த மாதம் இதைப் பற்றியே பேசக் கருதுகிறோம்.

இது யாரோ சிலருடைய விஷயமன்று. சிங்கப்பூரில் 2016-ம் ஆண்டு எடுத்த மனநல ஆய்வில், மனச்சோர்வு, மனப்பதற்றம், மதுப்பழக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு ஏழு பேரில் ஒருவர் தம் ஆயுளில் ஆளாகிறார் என்று தெரிய வந்தது. நாம் கடைக்காரர்கள், கணக்குப் போடத் தெரியும். ஜும்ஆவில் ஒரு ஸஃப்பில் இருபத்தெட்டுப் பேர் நின்றால் நான்கு பேர் என்றாகிறது. அவர்களை நாம் அடையாளம் கண்டுகொள்வதில்லை. ஏனெனில் அவர்கள் சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை என்பதை நம் மனச்சாட்சியே அறியும்.

நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி

ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்து, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கும் ஒரு ஹதீஸை முதலில் பார்ப்போம். மதீனாவில் ஒரு பெண்மணி இருந்தார். அவருடைய புத்தியில் ஏதோ கோளாறு இருந்ததென்று ஹதீஸிலேயே வருகிறது. அவர் ஒரு நாள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு அவர்களிடம் ஒரு காரியம் இருக்கிறதென்று சொன்னார். அவர்களோ ஒரு பெரும் சமுதாயத்தின் பொறுப்பையெல்லாம் தலைமேல் சுமந்து நின்றவர்கள். அப்படியிருந்தும், இன்னாருடைய தாயார் என்று அவரை மரியாதையாக விளித்து, எந்தத் தெருவில் நின்று பேச வேண்டுமோ அதை அவரே பார்த்துச் சொல்லட்டும், காரியத்தை முடித்துக் கொடுக்கிறோம் என்றார்கள். அப்படியே ஒரு வழியோரம் அவரோடு ஒதுங்கி நின்று, அவருடைய காரியம் முடியும் வரை இருந்தார்கள்.

சகோதரர்களே! இந்தச் சிறிய ஹதீஸில் மூன்று விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, மரியாதை. ஊரார் அவரைப் பார்த்து என்ன பெயர் சொல்லியிருந்தாலும், நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தாய்க்குரிய மரியாதையோடு அழைத்தார்கள். இரண்டாவது, இடம். எங்கே நிற்பது என்பதை அவருடைய விருப்பத்துக்கே விட்டார்கள். மூன்றாவது, நேரம். போதும் என்று அவர்கள் நிறுத்தவில்லை. அந்த அம்மாளுடைய காரியம் முடிகிற வரையில் நின்றார்கள். அவர் என்ன கேட்டார் என்பது அந்த அறிவிப்பில் இல்லை. அது அவருக்கும் நாயகத்துக்கும் இடையில் இருந்த விஷயம்.

இனி, நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். மனநோய் கண்ட தம்பியை அண்ணன் கடைக்கு அழைத்து வருவார். தம்பிக்கு நாற்பது வயதிருக்கும். கடைக்காரர் அண்ணனைப் பார்த்து, "இவருக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்பார். தம்பி பக்கத்திலேதான் நிற்கிறார், காது கேட்கிறது, வாயும் இருக்கிறது. ஒரு பொட்டலம் பிஸ்கட்டுக்குக்கூட அவரிடம் நேரே கேட்பாரில்லை. ஆஸ்பத்திரியிலும், கலியாண வீட்டிலும், பாகப்பிரிவினையிலும் இதே கதைதான். தலைக்கு மேலே பேச்சு நடந்துகொண்டிருக்கும்; அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

திருமறையின் கட்டளை

சூரத்துன் நிஸாவின் ஐந்தாவது ஆயத்தில், விவேகம் குறைந்தவர்கள் கையில் பொருளை ஒப்படைத்துவிடாதீர்கள் என்று அல்லாஹுத் தஆலா கட்டளையிடுகிறான். நம்மில் பலர் இத்தோடு ஆயத்தை மூடிவிடுகிறோம். ஆனால் அதே ஆயத்தில் தொடர்ந்து மூன்று கட்டளைகள் வருகின்றன. அந்தப் பொருளிலிருந்து அவர்களுக்கு உணவளிக்க வேண்டும். உடை கொடுக்க வேண்டும். அவர்களிடம் நல்ல வார்த்தை பேச வேண்டும். நல்ல வார்த்தையும் உணவைப் போலவே கட்டளை. சோற்றைப் போட்டுவிட்டு ஏச்சையும் சேர்த்துப் போடுகிறவர் ஆயத்தில் பாதியைத்தான் நிறைவேற்றுகிறார்.

அதற்கு அடுத்த ஆயத்தையும் ஓதிப் பாருங்கள். யத்தீம்களைப் பரீட்சித்துப் பார்த்து, விவேகம் வந்ததென்று கண்டால் அவர்களுடைய பொருளைச் சாட்சி வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று வருகிறது. ஆக, காப்பாளர் என்பவர் திருப்பிக் கொடுப்பதற்காகவே வைத்திருப்பவர். ஃபிக்ஹு கிதாபுகளிலும், புத்தி தடுமாறியவர் தேறிவிட்டாரானால் அவர்மீது இருந்த தடை நீங்கிவிடுகிறது என்றே எழுதியிருக்கிறார்கள்.

மூன்று பேரைவிட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்ற ஹதீஸ் நம் எல்லாருக்கும் தெரியும். உறங்குபவர் விழிக்கும் வரை, சிறுவர் பருவமடையும் வரை, புத்தி தடுமாறியவர் தெளியும் வரை. இங்கே "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். உறங்குபவர் விழிப்பார் என்று நாம் நம்புகிறோம். சிறுவன் வளர்வான் என்று நம்புகிறோம். அந்த வரிசையிலேயே மூன்றாமவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் வைத்திருக்கிறார்கள். அவர் தெளிவார் என்ற நம்பிக்கையை மட்டும் நாம் ஏன் கைவிட வேண்டும்? ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியிருக்கிறான் என்பதும் ஹதீஸ்தானே?

முன்னோர் செய்த வக்ஃபு

நம் முன்னோர்கள் இதை ஏட்டோடு விட்டுவிடவில்லை. டமாஸ்கஸில் சுல்தான் நூருத்தீன் 1154-ம் ஆண்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரியை ஏற்படுத்தினார். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-ம் ஆண்டு கட்டிய மன்ஸூரி ஆஸ்பத்திரியில், ஏழை பணக்காரர், ஆண் பெண் என்ற பேதமின்றி வைத்தியம் நடந்தது; மனநோயாளிகளுக்கும் தனிப் பகுதி இருந்தது. துருக்கியில் எடிர்னே நகரில் சுல்தான் பாயஸீது 1488-ம் ஆண்டு முடித்த ஆஸ்பத்திரியில், நீரோடும் ஓசையும் இசையும் கேட்க நோயாளிகளின் மனத்தை ஆற்றினார்கள். அந்தக் கட்டிடம் இன்றும் நிற்கிறது; மருத்துவக் காட்சிசாலையாக இருக்கிறது.

இத்தகைய ஆஸ்பத்திரிகள் நடந்த செலவு எங்கிருந்து வந்தது? வக்ஃபிலிருந்து வந்தது. வக்ஃபு என்றால் நிலங்களின் வருமானம், குளிப்பகங்களின் வருமானம், கடைகளின் வாடகை. ஆம் சகோதரர்களே, நம்மைப் போன்ற கடைக்காரர்கள் மாதாமாதம் கொடுத்த வாடகைப் பணத்தில்தான் அந்த நோயாளிகளுக்குக் கஞ்சியும் கஷாயமும் கிடைத்தன.

ஏர்வாடியின் பாடம்

இனிச் சொல்லப் போவது கசப்பான விஷயம். ஆனாலும் நம் ஊர் விஷயமாதலால் சொல்லியே ஆக வேண்டும். இங்குள்ள நம்மில் அநேகர் இராமநாதபுரம் ஜில்லாவோடு தொடர்புள்ளவர்கள். புத்தி தடுமாறியவர்களை ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப் போய் வைத்திருப்பது நம் பக்கத்து வழக்கம். தர்காவைச் சுற்றித் தனியார் சிலர் பணம் வாங்கிக்கொண்டு காப்பகங்கள் நடத்தினார்கள். 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ம் தேதி விடியற்காலையில் அத்தகைய ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். எழுந்து ஓட முடியவில்லை. இருபத்தெட்டு உயிர்கள் போயின. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களெல்லாம் கல்நெஞ்சர்களா? இல்லை. பலர் வயதான தாய்மார்கள், கடன்பட்ட தகப்பன்மார்கள். இரவில் உறக்கமில்லை, பகலில் பிழைப்புக்குப் போயாக வேண்டும், அண்டை வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டார்கள், சொந்தக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஒரு குடும்பம் தனியாகச் சுமக்க முடியாத பாரத்தை ஊரார் பங்கிட்டுக்கொள்ளாதபோதுதான் சங்கிலி வந்து சேருகிறது. ஆதலால் அந்தத் தீயில் ஊராருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

அந்தக் காப்பகங்களை அரசாங்கம் மூடியது. மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டக்கூடாதென்று இந்தியாவின் 2017-ம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. ஏர்வாடியிலேயே துஆவோடு மருந்தும் சேர்ந்து கிடைக்க மனநல வைத்தியர்களை வைத்து ஏற்பாடு செய்தார்கள். இதுதான் சரியான வழி. துஆவை விடும்படி நாம் சொல்லவில்லை. துஆ மூமினுடைய ஆயுதம். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது தவக்குல் வை என்று ஒருவருக்குச் சொன்னவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். அவர்கள் கட்டச் சொன்னது ஒட்டகத்தை, மனிதரையல்ல.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு

இந்த நாட்டில் 1928-ம் ஆண்டு ஈயோ சூ காங் பக்கம் மனநோயாளிகளுக்கென்று ஆஸ்பத்திரி திறந்தார்கள். 1951-ம் ஆண்டு அதற்கு உட்பிரிட்ஜ் என்று பெயர் வைத்தார்கள். 1993-ம் ஆண்டு புவாங்கோக்கில் புதுக் கட்டிடத்துக்கு மாறி மனநலக் கழகமாயிற்று. மலாயாவில் 1911-ம் ஆண்டு முதல் தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரி இருக்கிறது. "உட்பிரிட்ஜ்", "தஞ்சோங் ரம்புத்தான்" என்ற பெயர்களையே ஏச்சாக ஆக்கிவிட்டவர்கள் நம் ஜனங்கள்.

ஆஸ்பத்திரி அவசியம்தான். நோய் முற்றியபோது அங்கேதான் போக வேண்டும். ஆனால் காய்ச்சல் விட்டவரை யாரும் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருப்பதில்லை. மனநோய் தணிந்தவரோ வெளியே வரும்போது, போக இடமில்லாமல் நிற்கிறார். பெற்றோர் மௌத்தாகியிருப்பார்கள், தம்பியின் வீட்டில் மூன்றறைக்குள் ஏழு பேர் இருப்பார்கள். இவர்களுக்காக ஏற்பட்டதுதான் துணையோடு கூடிய வீடு என்ற ஏற்பாடு.

அதில் பல படிகள் உண்டு. நோயின் தளர்ச்சி நீங்காதவர்களுக்கு, இரவும் பகலும் ஊழியர்கள் இருக்கும் இல்லம். ஓரளவு தேறியவர்களுக்கு, நாம் குடியிருப்பது போன்ற அடுக்குமாடி வீட்டில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து குடியிருக்கும் குழு இல்லம். அங்கே அவர்களே சமைப்பார்கள், துணி துவைப்பார்கள், மருந்தை வேளை தவறாமல் சாப்பிடுவார்கள், பஸ் ஏறி வேலைக்குப் போவார்கள். ஊழியர் ஒருவர் குறித்த நாளில் வந்து, மருந்து ஒழுங்காகப் போகிறதா, வாடகை கட்டியாயிற்றா, தூக்கம் எப்படி என்று விசாரித்துப் போவார். இங்கே 1968-ம் ஆண்டு தொடங்கப்பட்ட சிங்கப்பூர் மனநலச் சங்கம் இத்தகைய குழு இல்லங்களை நடத்தி வந்திருக்கிறது. சென்னையில் 1993-ம் ஆண்டு ஏற்பட்ட பேன்யன் என்ற ஸ்தாபனம், காப்பகத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த பெண்களை 2015-ம் ஆண்டு முதல் நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீட்டில் குடியமர்த்தி, கூடவே துணைக்கு ஆள் வைத்து வருகிறது.

"முதலில் நோய் முழுக்கக் குணமாகட்டும், பிறகு வீடு பார்க்கலாம்" என்று சிலர் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நிம்மதியாகப் படுக்க இடமில்லாதவருக்குத் தூக்கம் ஏது? தூக்கமில்லாதவருக்கு மருந்து எப்படிப் பலிக்கும்? நியூயார்க்கில் 1992-ம் ஆண்டு ஒரு ஸ்தாபனத்தார் இதைத் தலைகீழாக்கி, நிபந்தனை வைக்காமல் முதலில் வீட்டைக் கொடுத்து, பிறகு துணையைக் கொடுத்துப் பார்த்தார்கள். கனடாவில் 2009-ம் ஆண்டு முதல் 2013-ம் ஆண்டு வரை ஐந்து நகரங்களில், மனநோயும் கண்டு வீடும் இழந்த சுமார் 2,000 பேரை வைத்து இதையே பரீட்சை செய்தார்கள். முதலில் வீடு பெற்றவர்கள், மற்றவர்களைவிட மிக அதிகமாக வீட்டில் நிலைத்து நின்றார்கள். அவர்கள் இலவசமாகவும் இருக்கவில்லை. வருமானத்தில் 30 சதவிகிதம் வரை வாடகை கொடுத்தார்கள். வாடகை கொடுப்பவருக்குத்தான் தலை நிமிரும் என்பது கடை வைத்திருக்கும் நமக்குத் தெரியாததா?

பட்டவருடைய வக்காலத்து

வீடு கிடைத்துவிட்டால் போதுமா? அந்தப் பெண்மணிக்கு நாயகம் (ஸல்) அவர்கள் இடத்தை மட்டும் கொடுக்கவில்லை, காதையும் கொடுத்தார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். மனநோயைப் பற்றி வைத்தியர் படித்துத் தெரிந்திருக்கிறார். குடும்பத்தார் பார்த்துத் தெரிந்திருக்கிறார்கள். பட்டுத் தெரிந்தவர் நோய் கண்டு தேறியவர்தான். அவர் தம்மைப் போன்ற இன்னொருவருக்குத் துணையாக நின்று பேசுவதே இங்கே நாம் சொல்ல வந்த வக்காலத்து. வக்கீல் என்பது அரபுச் சொல். ஒருவர் தம் காரியத்தை நம்பி ஒப்படைக்கும் ஆள் என்று பொருள். ஆகவே இந்த வக்கீல் அவருடைய வாயை மூடிவிட்டுப் பேசுகிறவர் அல்லர். அவரைப் பேச வைத்துப் பக்கத்தில் இருப்பவர். "இந்த மருந்தால் எனக்குக் கை நடுங்குகிறது" என்று வைத்தியரிடம் சொல்லத் தயங்குபவரோடு கூடப் போவார். வீட்டுக் காரியாலயத்தில் பாரம் நிரப்பும்போது உடனிருப்பார். "நானும் இதைக் கடந்துதான் வந்தேன்" என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு, நாம் சொல்லும் நூறு புத்திமதிகள் ஈடாகா.

அமெரிக்காவில் ராக்லண்டு அரசாங்க மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்த சிலர், 1940-களில் தங்களுக்குள் ஒரு சங்கம் கூடினார்கள். வெளியே வந்த பிறகு நியூயார்க் நூல்நிலையத்தின் படிக்கட்டில் சந்தித்துக்கொண்டார்கள். நாம் தனியாக இல்லை என்பதே அவர்கள் வைத்துக்கொண்ட பெயர். படிக்கட்டில் தொடங்கியவர்களுக்கு 1948-ம் ஆண்டு ஒரு வீடே அமைந்தது. அதன் தோட்டத்தில் நீரூற்று ஒன்று இருந்ததால் நீரூற்று இல்லம் என்றார்கள். இன்று அதைப் பின்பற்றிப் பல நாடுகளில் இல்லங்கள் இருக்கின்றன. சிங்கப்பூரிலும் 2016-ம் ஆண்டு முதல், தேறியவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பிறருக்குத் துணையாக வேலைக்கு அமர்த்துகிறார்கள். மலாய் முஸ்லிம் சகோதரர்களிடையே 2012-ம் ஆண்டு ஒரு பெண் டாக்டர் முன்னின்று தொடங்கிய கிளப் ஹீல், மனநோய் கண்டவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் தொண்டு செய்து வருகிறது. அவர்கள் செய்யும்போது தமிழ் முஸ்லிம்களாகிய நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாமா?

சூரத்து அபஸ இறங்கிய வரலாற்றை நினைத்துப் பாருங்கள். குறைஷித் தலைவர்களோடு பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, கண் தெரியாத அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மார்க்கம் கேட்டு வந்தார்கள். தலைவர்களைவிட, தேடி வந்த அவருக்கே முதலிடம் என்று அல்லாஹுத் தஆலா ஆயத்தை இறக்கினான். பிற்காலத்தில் அவர்களே மதீனாவில் பாங்கு சொன்னார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வெளியூர் போனபோது மதீனாவின் பொறுப்பையும் ஏற்றிருந்தார்கள். குறையுள்ளவர் என்று நாம் ஒதுக்குகிறவருக்கு இஸ்லாம் கொடுத்த இடம் இது.

சிலர் கேட்கும் கேள்விகள்

"ஆபத்தில்லையா?" என்பார்கள். மனநோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. பிறரால் ஏமாற்றப்பட்டும் அடிபட்டும் துன்பப்படுகிறவர்கள் அவர்களே. "வீட்டில் ஒரு குமர் இருக்கிறதே, விஷயம் வெளியே தெரிந்தால் நிக்காஹ் நடக்குமா?" என்பார்கள். இது கண்ணீரோடு கேட்கப்படும் கேள்வி. இதற்குப் பதில் அந்த வீட்டாரிடம் இல்லை. பெண் கேட்டுப் போகும் நம்மிடம் இருக்கிறது. அண்ணனுக்கு நீரிழிவு என்று எவரும் பெண்ணை வேண்டாமென்று சொல்வதில்லை. மனநோய்க்கு மட்டும் சொல்கிறோம். இதை நாம் நிறுத்தினால் அவர்கள் மறைப்பதையும் நிறுத்துவார்கள். மறைக்காதபோது வைத்தியம் சீக்கிரம் தொடங்கும்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய கட்டிடம் வேண்டியதில்லை. நம்மில் பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து, மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்கினால், இத்தகைய இல்லங்களை நடத்துகிற ஸ்தாபனத்தின் மூலமாக ஒரு வீட்டின் வாடகைக் குறைவை ஈடுகட்டலாம். நோயால் உழைக்க முடியாமல் ஏழ்மையில் விழுந்தவருக்கு ஜகாத்தில் பங்குண்டா என்று ஆலிம்களிடம் கேட்டு, உரியவரை உரிய இடத்துக்கு அனுப்பலாம். கடையில் நான்கு மணி நேர வேலை, சரக்கு அடுக்கும் வேலை, ஒருவருக்குக் கொடுக்கலாம். மாதச் சம்பளத்தை அவர் கையிலேயே கொடுக்கலாம். வைத்தியரைப் பார்க்கும் நாளில் விடுப்புக் கொடுக்கலாம். சங்கக் கூட்டங்களில் இவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், தேறிய ஒருவரை அழைத்து முதலில் அவரைப் பேசச் சொல்லலாம். அவர் கூட்டத்தில் பேச விரும்பாவிட்டால், எங்கே பேச விருப்பமென்று கேட்டு அங்கே போகலாம். பக்கத்து வீட்டுக்கு அப்படிப்பட்டவர்கள் குடிவந்தால், நோன்புக் கஞ்சியும் பெருநாள் பலகாரமும் மற்ற வீடுகளைப் போல அந்த வீட்டுக்கும் போகட்டும். அண்டை வீட்டாருக்கு வாரிசுரிமையே வந்துவிடுமோ என்று நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணுமளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திய ஹக்கு அது. அந்த வீட்டில் இருப்பவர் நோய் கண்டவர் என்பதால் அது குறைந்துவிடாது.

நாளை மறுமையில் நம் கணக்குப் புத்தகம் விரிக்கப்படும். யத்தீமுடைய பக்கம் இருக்கும்; அண்டை வீட்டாருடைய பக்கம் இருக்கும்; இவர்களுடைய பக்கமும் இருக்கும். அந்தப் பக்கம் வெறுமையாக இல்லாதபடி இன்றே ஒரு வரியாவது எழுதிக்கொள்வோமாக!

யா அல்லாஹ்! மனம் நொந்து கிடப்போருக்கு ஷிஃபாவைத் தருவாயாக! அவர்களைப் பராமரிக்கும் தாய்மாருக்கும் தந்தைமாருக்கும் பொறுமையையும் துணையையும் தருவாயாக! வீடற்றோர்க்கு வீட்டையும், பேச அஞ்சுவோர்க்குத் துணிவையும், கேட்க வேண்டிய எங்களுக்குச் செவியையும் அருள்வாயாக! ஏர்வாடித் தீயில் மாண்டோருக்காக இரங்கும் எங்கள் உள்ளங்களை நற்செயலின்பால் திருப்புவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.